மடக்குப் போனில் நாலு கல் உப்பு

அம்மாவிடம் பேசி முடித்து மடக்குப் போனை டப்பென்று மூடியபோது, அது முழுசாக மூடிக்கொள்ளாமல், பல்லிடுக்கில் என்னவோ சிக்கின வாய் மாதிரி ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. பேச்சித்தாய் மறுபடி திறந்து பார்த்தாள், ஐந்தாம் எண்ணுக்கும் எட்டாம் எண்ணுக்கும் நடுவில் நாலு கல் உப்பு இருந்தது. மெஸ்ஸில் மேசைக்கு மேசை வைத்திருக்கும் தூள் உப்பு இல்லை. பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிப் போட்ட, ஈரம் காயாத, நாக்கில் வைத்தால் கடைசியாக லேசாகக் கசக்கிற உப்பு. அவள் நாக்கில் வைத்துத்தான் பார்த்தாள், உப்பளத்துக்காரி மகளுக்கு உப்பை அடையாளம் காண வேறு சாட்சி வேண்டாம். அம்மா சுடலைவடிவு அந்நேரம் எழுபது கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்து உப்பளத்தில், தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள், "வெயிலா, அது பாட்டுக்கு அடிக்கி, நாம பாட்டுக்கு வாருதோம்" என்று சொல்லித்தான் பேச்சை முடித்திருந்தாள்.

பேச்சித்தாய் ஆச்சரியப்படவில்லை. அந்த மாதம் முழுக்க அவளுக்குக் கோபப்படவே நேரம் சரியாக இருந்தது. அவள் நேரே அறைக்குப் போய் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து, ஏழாம் கேள்விக்கு எதிரே பென்சிலால் எழுதினாள்: "உள்ளே உப்பு விழுகிறது. துருப்பிடிக்க வாய்ப்புண்டு."

அந்தப் போன் விடுதிக்கு வந்த கதை ஒரு பல்லியில் ஆரம்பிக்கிறது. காற்றாலைகள் நாலு திசையிலும் கை வீசிக்கொண்டிருக்கும் அந்தக் கரிசல் பொட்டலில், பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதியில், முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஊற்ற வேண்டிய சாம்பாரில் ஒரு பல்லி மிதந்தது. யாரோ ஒருத்தி அதைப் பதினொரு நொடி படம் பிடித்தாள். சாயங்காலத்துக்குள் மாவட்டமே பார்த்துவிட்டது. பல்கலைக்கழகம் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து, குற்றம் பல்லியுடையதும் இல்லை, சாம்பாருடையதும் இல்லை, போனுடையதுதான் என்று கண்டுபிடித்தது. "மாணவியர் கவனச்சிதறல் தடுப்புக் குழு" என்று ஒரு குழு பிறந்தது. புலமுதல்வர் குணபாலன் அதற்குத் தலைவர். பெண்கள் விடுதியில் எல்லோரும் தொடுதிரைப் போனை ஒப்படைத்துவிட வேண்டும், பதிலுக்கு ஆளுக்கொரு மடக்குப் போன், பேசலாம், மூடலாம், அவ்வளவுதான் என்பது திட்டம். ஆண்கள் விடுதிச் சாம்பாரிலும் பல்லி விழும். ஆனால் கவனம் சிதறுவது பெண்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று குழு முடிவு செய்திருந்தது.

மெஸ்ஸில் சமைக்கிற ராஜகனி அக்காவுக்கு வேறு கோபம். "அது என் சாம்பார்ல பொறந்த பல்லியா? மேல இருக்க ஓட்டையிலேருந்து குதிச்ச பல்லி. அந்த ஓட்டைய அடைங்கன்னு மூணு வருசமா எழுதிக் குடுக்கேன். போன அடைக்க ஓடியாராக."

குழுவில் விடுதி மாணவி ஒருத்தியும் இருக்க வேண்டும் என்பது விதி. எதிர்த்துப் பேசுகிறவளே கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எதிர்த்துப் பேச ஆளில்லை என்று கணக்குப் போட்டு, முதுகலைப் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேச்சித்தாயைப் பிடித்துப் போட்டார்கள். முப்பது நாள் மாதிரிப் போனைத் தினசரிப் பயன்பாட்டில் வைத்துச் சோதித்து, படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அதுவரை அவளுடைய சொந்தப் போன் துணைக் காப்பாளர் தில்லைக்கரசி மேடத்தின் பீரோவில், புடவைகளுக்கு நடுவில், பூட்டியிருக்கும்.

படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு படிவம் தயாரிக்கும் பழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது. போன வருஷம் இரும்புக் கட்டில் வாங்கியபோது அடித்த படிவத்திலேயே "கட்டில்" என்று வந்த இடத்தை அடித்துவிட்டு "கைபேசி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்காம் கேள்வி, "கால்கள் ஆடுகின்றனவா?" பேச்சித்தாய், "கால்கள் இல்லை, ஆதலால் ஆடவில்லை" என்று எழுதினாள். ஆறாம் கேள்வி, "ஒருவர் படுத்தால் தாங்குமா?" அவள் தரையில் வைத்து ஒருதரம் படுத்தும் பார்த்தாள், தாங்கியது. ஏழாம் கேள்வி, "துருப்பிடிக்கிறதா?" பன்னிரண்டாவது, கடைசிக் கேள்வி, "தினசரிப் பயன்பாட்டுக்கு ஏற்றதா?" அதற்கு எதிரே முதல் நாளே பென்சிலால் "இல்லை" என்று அழுத்தி எழுதி வைத்துவிட்டாள். பென்சில் எதற்கு என்று அறைத்தோழி ஷமீலா கேட்டதற்கு, "கூட்டத்துக்கு முன்னாடியே பேனாவால எழுதுதவளுக்கு வாதாடத் தெரியாதுன்னு அர்த்தம்" என்றாள்.

ஆனால் சோதனை என்றால் சோதனைதான். அதில் அவள் குறை வைக்கவில்லை. ஒருதரம் சார்ஜ் போட்டால் எட்டு நாள் நின்றது. எண்கள் புளியங்கொட்டைப் பருமனுக்கு இருந்ததால் சோறு பிசைந்த கையோடு இடது கட்டைவிரலால் அழுத்த முடிந்தது. மின்சாரம் போன குளியலறைக்கு அதன் டார்ச் போதும், பக்கெட்டும் தெரியும் கரப்பான் பாச்சாவும் தெரியும். "சாப்பிட்டாச்சு" என்று தமிழில் செய்தி அனுப்ப முப்பத்தொரு அழுத்தம் வேண்டியிருந்தது, அதற்குள் அடுத்த வேளைப் பசி வந்துவிடும். கேமரா எடுத்த படத்தில் எல்லோரும் ரேஷன் கார்டில் இருப்பவர்கள்போல் இருந்தார்கள். துணி காயப்போடும்போது மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து மூடி தனியே, பேட்டரி தனியே, உடம்பு தனியே கிடந்தது. சேர்த்து மாட்டியதும் மணி என்ன என்பதை மட்டும் மறந்துவிட்டு மற்றதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தது. அதே சமயம் அது தேர்வு முடிவைத் திறக்காது, உதவித்தொகை விண்ணப்பத்தை ஏற்றாது, பாடக் குறிப்பை வாங்காது, தெரியாத ஊரில் ஆட்டோவில் ஏறினால் போகிற பாதையைத் தோழிக்குச் சொல்லாது, முக்கியமாக, சாம்பாரில் பல்லி விழுந்தால் பதினொரு நொடி பார்க்காது. ஆகவே "இல்லை." இப்படி நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்த விவாதத்துக்குள்தான் நாலு கல் உப்பு வந்து விழுந்தது.

மறுநாள் ஷமீலா அவசரத்துக்கு அந்தப் போனில் சவுதியில் துணிக்கடையில் வேலை செய்யும் வாப்பாவிடம் பேசினாள். மூடித் திறந்தால், ஒரு சிட்டிகை மஞ்சள் மணலும் அதோடு கத்தரித்த பச்சை நூல் ஒன்றும் இருந்தன. ஷமீலா நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, "வாப்பா கடையில பச்சைத் துணி நல்லாப் போகுது போல" என்றாள், அப்புறம் குளிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. குளித்துவிட்டு வருவதற்குள் அறை வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த வரிசை, காலையில் வகுப்புக்கு முன்னால் அரை மணியும் சாயங்காலம் ஒரு மணியும் என்று ஒழுங்குக்கு வந்தது. யாருடன் பேசிவிட்டு மூடினாலும் அங்கிருந்து ஒரு பொருள், போனின் இரண்டு இதழுக்கும் நடுவில் அடங்குகிற பொருள், வந்து கிடந்தது. மலைத்தோட்டத்தில் தேயிலை கிள்ளும் அக்காவிடமிருந்து கொழுந்து, பனியன் கம்பெனிக்குப் போகும் அண்ணியிடமிருந்து துணி லேபிள், கோழிப்பண்ணை மாமாவிடமிருந்து இறகு, லாரியில் போய்க்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து எந்த மாநிலத்து மண் என்று தெரியாத செம்மண். ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி வைத்துக்கொண்டார்கள், மேலே பெயரும் அறை எண்ணும் எழுதிக்கொண்டார்கள், விடுதிப் பக்கத்துப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி தீர்ந்துபோய்க் கடைக்காரர், "அம்புட்டுப் பிள்ளையளும் பீடி குடிக்க ஆரம்பிச்சிட்டாகளா" என்று விசாரித்தார். ராஜகனி அக்கா பாயசத்துக்கு முன்னால் மலையில் இருக்கும் தன் நாத்தனாரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாள், சண்டைக்கு ஒரு ஏலக்காய் விழும், ஆறேழு சண்டையில் பாயசம் மணத்துவிடும். தில்லைக்கரசி மேடம் கனடாவில் இருக்கும் மகனோடு பேசினார். மூடித் திறந்தபோது பொத்தான்கள் மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று படிந்திருந்து, பார்க்கப் பார்க்கவே தண்ணீராகிவிட்டது. "இதுல ஈரம் படாமப் பாத்துக்கணும்மா, கவர்மெண்ட் சாமான்" என்று சொல்லிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த தலைப்பை அன்றைக்குப் பூரா இடுப்பில் செருகவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

கசப்பும் வந்தது. இரண்டாம் மாடி வித்யாவதிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை, "ஆபீஸ்ல ஒரே வேலை" என்று சொல்லி வைத்த அழைப்பை மூடினால் உள்ளே ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, ஒருதரம் ஒட்டி எடுத்தது. வித்யாவதி அதை உற்றுப் பார்த்தாள், தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள், கண்ணாடியில் சரி பார்த்தாள், அப்பாவைக் கூப்பிட்டுக் கல்யாணம் வேண்டாம் என்றாள். "நல்ல பொட்டு, அத எதுக்கு வீணாக்கணும்" என்று வாரம் முழுக்க அதையே வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

எப்படி வருகிறது, எதனால் வருகிறது என்று இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு நாள் பேசிப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களும் தீப்பெட்டி வாங்கிக்கொண்டார்கள். பேச்சித்தாய் மட்டும் எண்ணினாள். நூற்றுப் பதினான்கு அழைப்பு, அதில் நூற்று ஒன்பதில் பொருள் விழுந்தது, விழாத ஐந்தும் பதிவு செய்து ஒலிபரப்பும் குரல்கள். இடையில் ஒருநாள் குணபாலன் சார் கூப்பிட்டார்.

"பேச்சித்தாய், என்னம்மா, படிவம் ரெடியா?"

"முப்பது நாள் ஆகலையே சார்."

"அதெல்லாம் ஒரு இதுக்குத்தான் போடறது. நல்லாத்தானே இருக்கு? ஏற்றதுன்னு ஒரு டிக். முடிஞ்சுது. உங்க நல்லதுக்குத்தானே செய்யறோம்."

"எங்க நல்லதுக்குன்னா எங்ககிட்ட கேட்டிருக்கலாமே சார்."

"அதான் உன்னைக் கேக்கறேனே" என்று அவர் வைத்துவிட்டார். அவள் மூடித் திறந்தாள். ஒன்றும் இல்லை, தூசிகூட இல்லை. ஐந்தை அடித்துவிட்டு, பதிவுக் குரல்கள் ஆறு என்று எழுதிக்கொண்டாள்.

அம்மாவிடமிருந்து மட்டும் எப்போதும் உப்புதான். தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு நாலு கல், ஐந்து கல், ஒருநாள் மழைமேகம் பார்த்து அவசரமாக வாரியதால் ஒரே கல். பேச்சித்தாயின் தீப்பெட்டி நிறைந்து இரண்டாவதுக்குப் போனது. போனின் கீல் மெல்லப் பழுத்துச் சிவந்து, திறக்கும்போது கிரீச்சென்றது. அவளும் அம்மாவும் முன்பெல்லாம் போனில் அதிகம் பேசியதில்லை. பேசினால் வாதம், வாதம் முற்றினால் "சரி வய்யி, வெயில்ல நிக்கேன்" என்று முடிந்துவிடும். இப்போது அந்த உப்பைப் பார்த்தே, இன்றைக்கு அம்மா எந்தப் பாத்தியில் நின்றிருப்பாள், எவ்வளவு வாரியிருப்பாள் என்று அவளால் சொல்ல முடிந்தது.

பதினெட்டாம் நாள் உப்பு விழவில்லை. சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்தது, லேசாக மஞ்சள் கறையோடு, கண்மருந்து வாசனையோடு. பேச்சித்தாய் உடனே மறுபடி கூப்பிட்டாள்.

"ஏம்மா, கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு என்ன, அது ரெண்டும் இருந்த எடத்துலதான் இருக்கு."

"பஞ்சு விழுந்துருக்கு இங்கன."

சுடலைவடிவு, "சனியன் பிடிச்ச போனு" என்றாள். "வலது கண்ணுல பூ விழுந்துருக்காம்ட்டி. உப்பு வெள்ளையப் பாத்துப் பாத்து. ஆப்பரேசன் பண்ணணும்னு அடுத்த மாசம் தேதி குடுத்துருக்கான், அங்கன உங்க டவுன் ஆஸ்பத்திரிலதான். நீ பரீட்சைக்குப் படிக்க. அத எதுக்குச் சொல்லிக்கிட்டு."

"நான் உனக்கு யாரு? மக தான? பக்கத்து வீட்டுக்காரியா?"

"பக்கத்து வீட்டுக்காரிட்ட சொல்லிட்டேன்" என்றாள் சுடலைவடிவு.

அன்றைக்கு அவர்கள் போட்ட சண்டை இருபத்து மூன்று நிமிஷம் நீடித்தது, வரிசையில் நின்றவர்கள் யாரும் முனகவில்லை, ஷமீலா நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஆப்பரேஷன் அன்றைக்குப் பேச்சித்தாய் கூட இருப்பது என்றும், அதுவரை கண்ணாடி போடாமல் பாத்தியில் இறங்குவதில்லை என்றும் உடன்படிக்கை ஆனது. மூடித் திறந்தபோது மூன்று கல் உப்பு விழுந்தது. கிரீச்.

முப்பதாம் நாள் நெருங்க நெருங்க விடுதி இரண்டாகப் பிரிந்தது, அதுவும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அப்பளக் கூடையில் கைவிட்டுக்கொண்டே பிரிந்தது.

"ஏற்றதுன்னு எழுதிரு பேச்சி" என்றாள் ஷமீலா. "ஆளுக்கொண்ணு கிடைக்கும்ல. வாப்பாகிட்டேருந்து தினம் ஒரு நூலு வரும். நான் ஒரு சட்டையே நெய்திருவேன்."

"ஒண்ணுலதான் விழுது. முன்னூத்திப் பன்னெண்டுலயும் விழும்னு எவன் சொன்னான்? ஒரு மாதிரிய வச்சு மொத்தத்தையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு முதல் வருசமே சொல்லிக் குடுக்கான்."

"அப்ப ஏற்றது இல்லைன்னு எழுதப் போறியா? எழுதினா நாளைக்கே பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் உப்பும் கிடையாது, நூலும் கிடையாது."

"ஏற்றதுன்னு எழுதினா எல்லார் போனும் பீரோவுக்குள்ள போயிரும். நீ வேலைக்கு எதுல விண்ணப்பம் போடுவ, தீப்பெட்டிலயா?"

"எல்லாத்துக்கும் ஏன் மல்லுக்கு நிக்க? போன் நல்லதா கெட்டதா, அதச் சொல்லு."

அதுதான் சிக்கல். போன் நல்லது. அதை அவளால் மறுக்க முடியவில்லை, மறுத்தால் பொய். போனைத் தருகிறவர்கள் எண்ணம் நல்லதில்லை, அதைச் சொல்லப் படிவத்தில் கேள்வி இல்லை. ராஜகனி அக்கா ரசவாளியை இறக்கி வைத்துவிட்டு, "ஒருத்தி எங்கிட்ட வந்து தோசக்கல்லு நல்லா இருக்கான்னு கேட்டா, ஆமா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன். அதுக்காவ, அப்பச் சரிதான்னு என் இட்லிச் சட்டியத் தூக்கிட்டுப் போனாள்னா, கரண்டியால மண்டையில போடுவேன்" என்றாள். மேசை முழுக்க ஆமோதித்தது. ஆனால் கரண்டியால் போடவும் படிவத்தில் இடம் இல்லை.

முப்பதாம் நாள் காலை, கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், பேச்சித்தாய் படிவத்தைத் தலையிலிருந்து கால்வரை மறுபடி படித்தாள். கட்டில், கட்டில், கால்கள், துரு. பதினோராம் கேள்வியை அதுவரை அவள் நிரப்பாமல் விட்டிருந்தாள், அது தனக்கில்லை அலுவலகத்துக்கு என்று நினைத்து. கட்டில்கள் எல்லாக் கட்டடங்களுக்கும் வாங்கியவை. அதனால் அதில், "பரிந்துரைக்கப்படும் கட்டடங்கள்: ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, பணியாளர் குடியிருப்பு. பொருந்துவனவற்றை டிக் செய்யவும்" என்று இருந்தது. அடியில், எறும்பு எழுத்தில், ஒரு நிபந்தனை: "துருப்பிடித்த மாதிரிப் பொருள் திரும்பப் பெறப்படாது, சோதித்த விடுதியிலேயே வைத்துக்கொள்ளப்பட வேண்டும்."

அவள் இரண்டையும் மூன்று தடவை படித்தாள். போனை எடுத்துத் திறந்தாள். கிரீச்சென்றது. அப்புறம் ரப்பரை எடுத்து, முப்பது நாளாக அழுத்தமாக இருந்த அந்த "இல்லை"யைத் தேய்த்தாள். லேசில் போகவில்லை, தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, பேனாவால் "ஆம்" என்று எழுதினாள். பதினொன்றில் மூன்று டிக் போட்டாள். ஏழாவதில், "ஆம், கீல் துருப்பிடித்துவிட்டது" என்று எழுதினாள். இதில் எது பொய் என்று யாராவது கேட்டால் ராத்திரி பகலாக வாதாடத் தயாராக இருந்தாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கையெழுத்து, அப்புறம் டீயும் சமோசாவும், அப்புறம் கூட்டம். குழுவில் இருந்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தில்லைக்கரசி மேடம் படிவத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார், பதினோராவதில் அவர் பார்வை கொஞ்சம் தங்கியது, நிமிர்ந்து பேச்சித்தாயைப் பார்த்தார், அப்புறம் முத்திரை குத்திப் பதிவேட்டில் எண் போட்டார். அதற்குப் பிறகுதான் குணபாலன் சார் சமோசாக் கையைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"ஏற்றது. ரொம்ப சந்தோஷம். நான் சொன்னேன்ல, இந்தப் பிள்ளை புத்திசாலின்னு. ஆகவே இந்தக் குழு ஏகமனதாக, தொடுதிரைக் கைபேசிக்குப் பதிலாக மடக்குக் கைபேசியைப் பின்வரும் கட்டடங்களில்..." என்று படித்துக்கொண்டே போனவர் நின்றார். "இதென்ன மூணு டிக்?"

"பொருந்துவனவற்றைப் போடச் சொல்லியிருந்தது சார். பொருந்துது."

"பணியாளர் குடியிருப்புன்னா நாங்கம்மா."

"ஆமா சார்."

"நான் என் போனைக் கொடுத்துட்டு என்ன பண்றது? எனக்கு மெயில் வரும், மீட்டிங் வரும், பேங்க் எல்லாம் அதுல இருக்கு."

"எங்களுக்கும் அதுலதான் சார் இருக்கு."

"இது பெண்கள் விடுதிக்குன்னு போட்ட குழு."

"படிவம் எல்லாருக்கும்னு போட்டது சார். நல்ல பொருள். எட்டு நாள் சார்ஜ் நிக்குது. ஒருத்தர் படுத்தாலும் தாங்குது, நான் சோதிச்சேன். இவ்வளவு நல்லத நாங்க மட்டும் வச்சுக்கிடுதது நியாயமில்லேன்னு பட்டுது."

அவர் படிவத்தை மேசையில் வைத்து, "இதைக் கிழிச்சிட்டு வேற எழுதலாம்" என்றார். தில்லைக்கரசி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நம்பர் போட்டாச்சுங்க சார். கிழிச்சா ஏன் கிழிச்சோம்னு இன்னொரு குழு போடணும்" என்றார். குணபாலன் சார் இன்னொரு சமோசாவை எடுத்துக்கொண்டார்.

தீர்மானம் மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அதற்கு மறுநாள் ஆண்கள் விடுதிக்காரர்கள் தட்டைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். உரிமை, சுதந்திரம், தனிமனிதக் கண்ணியம் என்று அவர்கள் போட்ட கோஷமெல்லாம் கேட்க நன்றாக இருந்தது, இதே வார்த்தைகளைப் போன மாதம் இவர்கள் எந்த அலமாரியில் வைத்திருந்தார்கள் என்று பேச்சித்தாய் மாடியிலிருந்து கேட்டாள், ஊர்வலத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. மூன்றாம் நாள் பேராசிரியர்கள் கூடினார்கள். நாலாம் நாள், "நிர்வாகக் காரணங்களால் இத்திட்டம் மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது" என்று இன்னொரு தாள் வந்து பழைய தாளின் மேலேயே ஒட்டிக்கொண்டது. அதே வாரத்தில் மெஸ் கூரை ஓட்டையையும் அடைத்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பேச்சித்தாயின் போன் பீரோவிலிருந்து அந்துருண்டை வாசனையோடு திரும்பி வந்தது. மாதிரிப் போனை வாங்கிப் போக வந்த அலுவலக ஊழியர் அதைத் திறந்து பார்த்து, கிரீச்சென்ற சத்தத்தைக் கேட்டு, எறும்பு எழுத்தைப் படித்து, "இத நாங்க எடுக்க முடியாது, துரு. இங்கனயே கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனார்.

அது மெஸ் வாசலில் ஒரு முக்காலியின் மேல், சங்கிலி கிங்கிலி எதுவும் இல்லாமல், இன்னும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை குணபாலன் சாரே பார்வையாளர் நேரத்தில் வந்து வரிசையில் ஏழாவதாக நின்றார். யாரும் முன்னால் விடவில்லை, அவரும் கேட்கவில்லை. தங்கச்சியிடம் பேசினார் என்றார்கள். பேசி முடித்து மூடித் திறந்ததும், உள்ளே கிடந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதைக் கையால் மூடியபடியே போனார். என்னவென்று பேச்சித்தாய் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

அடுத்த மாதம் சுடலைவடிவுக்கு ஆப்பரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருக்க வேண்டும், பேச்சித்தாய்க்கு நடுவில் ஒருநாள் தேர்வு. விடுதி கூடிக் கைதூக்கி, மடக்குப் போனை அந்த நாலு நாளும் அம்மாவிடம் கொடுத்து வைப்பதென்று தீர்மானித்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு கையில் எதிர்க்கை ஒன்றுகூட இல்லை, ராஜகனி அக்கா உறுப்பினர் இல்லாவிட்டாலும் கரண்டியோடு தூக்கினாள். தேர்வு முடிந்த சாயங்காலம் பேச்சித்தாய் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"பரீட்ச எப்பிடி?"

"எழுதினேன். கண்ணு?"

"கட்டுப் போட்டுருக்கான். ஒத்தக்கண்ணுல நர்சுப் பிள்ளையளப் பாக்கேன், எல்லாரும் அழகாத்தான் இருக்காளுவ. சரி, வய்யி, ஊசி போட வாராவ." டப்பென்று மூடும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, உன்கிட்டேருந்து எனக்கு இதுல என்னமோ விழுந்திருக்கு."

பேச்சித்தாய் இத்தனை நாள் எல்லோருடையதும் இந்தப் பக்கம் விழுந்ததைத்தான் எண்ணியிருந்தாள், இந்தப் பக்கத்திலிருந்து போய் விழ என்ன இருக்கிறது என்று எண்ணியதில்லை. "என்னதும்மா?"

"தெரியலையே, கண்ணு மங்கலா இருக்கு. வெரலால தடவிப் பாக்கேன். உப்பு மாதிரித்தான் இருக்கு, ஆனா உப்பில்ல. நசுக்கினா நசுங்குது, உருட்டினா திரியாத் திரண்டு வருது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல நீ படிக்கும்போது பாவாடை பூராக் கெடக்குமே, அந்த ரப்பர் தூளு. என்னத்தட்டி இப்பிடி அழிச்ச?"

"ஒரு 'இல்லை'ம்மா."

"நீயா? 'இல்லை'ய அழிச்சியா?" சுடலைவடிவு அந்தத் திரியை விரல் நடுவில் உருட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. "இத இங்கன போடப்பிடாது, நர்சு பெருக்கித் தள்ளிருவா. ஒரு தீப்பெட்டி இருந்தா வாங்கிட்டு வா."